கழலாத மோதிரமும் ஒழிப்பு வாரமும்

போலிப் போலீஸை ஒழிக்க ஒரு வாரம் போதும் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஏன் ஒரு வாரம் என்று யாரும் கேட்கவில்லை. போன மாதம் கொசுவை ஒழிக்கவும் ஒரு வாரம்தான் கொடுத்தார்கள். கொசுவைவிடப் போலிப் போலீஸ் எண்ணிக்கையில் குறைச்சல்தானே என்ற கணக்காக இருக்கலாம். திங்கட்கிழமை காலை ஸ்டேஷன் வாசலில் பேனர் கட்டினார்கள். இன்ஸ்பெக்டர் ரிப்பன் வெட்டினார், ஏட்டு கை தட்டினார். அன்று சாயங்காலமே 'நமது எல்லையில் போலிகள் முற்றிலும் ஒழிக்கப்பட்டனர்' என்று மேலிடத்துக்கு அறிக்கை போய்விட்டது. மிச்சமிருந்த நாட்கள் ஒழித்ததைக் கொண்டாடுவதற்கு.

தாங்கள் ஒழிக்கப்பட்ட விஷயம் தெரியாத இரண்டு பேர் புதன்கிழமை காலை வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள். அவர்கள் வந்த தெருவில்தான் ரொட்டிக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

ரொட்டிக்காரர் பரம சாது. பேக்கரியில் உள்ளே அடுப்பு அவருடையது, வெளியே கல்லா அவர் மனைவியுடையது. அவர் கையில் ஒரு மோதிரம் உண்டு. கல்யாணத்தன்று மனைவி போட்டது. மேலே பட்டையாக இருக்கும், அதில் 'என்றும் உன் செல்லம்' என்று பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அன்றைக்கு விரல் விரலாக இருந்தது. பிறகு சுட்டதையெல்லாம் தானே முதலில் ருசி பார்த்ததில் விரல் பன் மாதிரி உப்பிக்கொண்டது. மோதிரம் நடுவில் மாட்டிக்கொண்டது. மாவு பிசைகிற கையில் மோதிரம் கூடாது என்று ஒரு சுகாதார அதிகாரி வந்து தன் கையாலேயே இழுத்துப் பார்த்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனார். வெட்டி எடுக்கலாம் என்று ஒரு நகை ஆசாரி சொன்னார். "வெட்டறதா இருந்தா விரலை வெட்டுங்க, மோதிரத்துல கை வெக்காதீங்க" என்றாள் மனைவி. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவளுக்கு இதைச் சொல்லி ஆகவேண்டும். "பதினெட்டு வருஷம். ஒருத்தராலயும் கழட்ட முடியல" என்பாள். ரொட்டிக்காரரும் கையை நீட்டிக் காட்டுவார். ஊரில் சிலருக்கு மெடல் இருக்கிறது, அவருக்கு இது.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றார் சீருடையில் இருந்த நெட்டையர். பக்கத்தில் இருந்த குட்டையர் விறைப்பாக சல்யூட் அடித்தார்.

தனக்கு யாராவது சல்யூட் அடிப்பார்கள் என்று ரொட்டிக்காரர் கனவிலும் நினைத்ததில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் போட்டார்.

"முன்னாடி தெருவுல வழிப்பறி நடந்திருக்குங்கய்யா. கையில மோதிரம் போட்டுக்கிட்டுப் போறீங்களே, எங்களுக்கு மனசு கேக்கல. கழட்டுங்க, பேப்பர்ல மடிச்சுத் தர்றோம். பத்திரமாப் பையில வெச்சுக்கிட்டுப் போங்க."

"கழலாதுங்க. பதினெட்டு வருஷமா கழலல."

இந்த இடத்தில் வேறு திருடர்களாக இருந்தால் அடுத்த ஆளைப் பார்த்துப் போயிருப்பார்கள். இவர்களுக்குத் தொழில் பக்தி இருந்தது. அவரை ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார வைத்தார்கள். குட்டையர் தன் தோள் பையைத் திறந்தார். உள்ளே சோப்பு, ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர், நூல்கண்டு. விரல் முழுக்க நூலை நெருக்கமாகச் சுற்றினார். நூலின் முனையை மோதிரத்துக்கு அடியில் கொடுத்து மெல்ல மெல்லப் பிரித்தார்.

"வலிக்குதாங்கய்யா?"

"இல்லீங்க."

"வலிச்சாச் சொல்லுங்க, நிறுத்திக்கலாம். அவசரமே இல்ல."

மோதிரம் நூலோடு நூலாக உருண்டு வெளியே வந்தது. ரொட்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த ஆஸ்பத்திரியிலும் அவர் கையை யாரும் இவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை. பேப்பரில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொடுத்தார்கள். அவர் நன்றி சொன்னதோடு நிற்காமல் கூடையிலிருந்து ஆளுக்கொரு பன்னும் கொடுத்தார். "டூட்டியில இருக்கும்போது வாங்கக் கூடாதுங்கய்யா" என்று முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் மனைவி முதலில் பார்த்தது விரலைத்தான். மோதிரம் இருந்த இடம் வெள்ளை வளையமாகத் தெரிந்தது.

"மோதிரம் எங்க?"

"போலீஸ் கழட்டிக் குடுத்தாங்க."

"எதுக்கு?"

"திருடு போயிடக் கூடாதுன்னு."

பேப்பரைப் பிரித்தார். உள்ளே ஒரு துருப்பிடித்த நட்டு இருந்தது.

மனைவி நட்டைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தவில்லை.

"பதினெட்டு வருஷமா கழலாத மோதிரம் நடுத்தெருவுல நின்ன வாக்குல கழண்டுச்சுன்னா, அது இத்தனை நாளா கழலாம இல்ல. நீங்க கழட்டாம இருந்தீங்க. இன்னிக்குக் கழட்ட மனசு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு மோதிரம் வரணும், இல்ல நடந்தது இதுதான்னு போலீஸ் என்கிட்டச் சொல்லணும். இல்லன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

அதன் பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசவில்லை. வாடிக்கையாளர் மூலமாகப் பேசினாள். "அந்த மனுஷன்கிட்ட ரெண்டு ரொட்டி எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்பாள், மூன்றடி தூரத்தில் அவர் நின்றுகொண்டிருக்கும்போது. வாடிக்கையாளரும் திரும்பி, "ரெண்டு ரொட்டியாம்" என்பார். அண்ணன் வீட்டுக்கு என்று அவள் சும்மா சொல்லக்கூடியவள் இல்லை. பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

ரொட்டிக்காரர் ஸ்டேஷனுக்கு ஓடினார். வாசலில் ஏட்டு ஸ்டூல் மேல் நின்று தளர்ந்துபோன பேனரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"போலீஸ் வேஷத்துல வந்து மோதிரத்தைக் கொண்டுபோயிட்டாங்கங்க."

ஏட்டு கயிற்றை விட்டுவிட்டார். பேனர் அவர் தலைமேல் விழுந்தது. "உள்ள போய் இன்ஸ்பெக்டரைப் பாரு. சத்தமாச் சொல்லாத" என்று பேனருக்குள்ளிருந்தே குரல் வந்தது.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எப்ப நடந்துச்சு?"

"இன்னிக்குக் காலையிலங்க."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதனுங்க."

"போலிப் போலீஸை நாங்க ஒழிச்சது திங்கக்கிழமை. திங்கக்கிழமை ஒழிஞ்சவன் புதன்கிழமை எப்படி வருவான்? கொஞ்சம் யோசிச்சுப் பேசணும்."

"ரெண்டு பேருங்க. ஒருத்தர் நெட்டை, ஒருத்தர்..."

"நெட்டையோ குட்டையோ, ஒழிஞ்சவன் ஒழிஞ்சவன்தான். ஒண்ணு பண்ணலாம். போன ஞாயித்துக்கிழமை நடந்ததா எழுதிக்குவோம். அன்னிக்கு நாங்க இன்னும் ஒழிக்கல."

ரொட்டிக்காரர் யோசித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோதிரம் அவர் விரலில் இருந்ததற்கு மனைவியே சாட்சி. "ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல நம்ப மாட்டாங்கங்க."

"அப்ப அடுத்த திங்கக்கிழமை வாங்க. வாரம் முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் போலிப் போலீஸ் வர்றதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

"அதுக்குள்ள அவ பொறந்த வீட்டுக்குப் போயிடுவாங்க."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு, கதவோரம் நின்ற பெண் காவலர் ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அந்த டம்ளரை முறைத்துப் பார்த்தார். அந்த ஸ்டேஷனில் அப்படி ஒரு டம்ளர் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

"சரி, அவனுங்க எப்படிப் பேசினானுங்க?"

"ரொம்ப மரியாதையாங்க. ஐயான்னு கூப்பிட்டாங்க. சல்யூட் அடிச்சாங்க. வலிக்குதான்னு கேட்டாங்க."

இன்ஸ்பெக்டரின் முகம் சுருங்கியது. மனம் நொந்த மனிதனின் முகம் அது.

"இத்தனை வருஷத்துல எந்தப் போலீஸ்காரனாவது உங்களை வலிக்குதான்னு கேட்டிருக்கானா?"

"இல்லீங்க."

"கேக்காதவன் கேட்டா சந்தேகம் வரவேணாமா? அப்ப தப்பு யார் மேல?"

ரொட்டிக்காரர் மனசாட்சியோடு யோசித்தார். "என் மேலதாங்க" என்றார்.

இந்த நேர்மை இன்ஸ்பெக்டருக்குப் பிடித்துப்போனது. வியாழக்கிழமை சந்தைத் திடலில் விழிப்புணர்வுக் கூட்டம் இருந்தது. மேடையில் உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும். ஏமாந்தவர் என்று சொன்னால் ஒழித்த கணக்கு இடிக்கும் என்பதால், 'ஏமாற இருந்தவர்' என்று அறிமுகம் செய்வதாக முடிவானது. வந்து உட்கார்ந்தால் மோதிர விஷயத்தைக் கவனிப்பதாகச் சொன்னார். வெள்ளத்தில் போகிறவன் வைக்கோலைப் பிடிக்கிற நிலைமை, ரொட்டிக்காரர் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"பொதுமக்களே! அசல் போலீஸை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு நிறையப் பேர் தடுமாறுறீங்க. அடையாள அட்டையைப் பார்க்காதீங்க, அதை எவன் வேணா அடிச்சுக்கலாம். குணத்தைப் பாருங்க. நீங்க கூப்பிட்டதும் ஒருத்தன் ஓடி வந்தான்னா அவன் போலீஸே இல்ல. என் முப்பது வருஷ சர்வீஸ் மேல சத்தியமாச் சொல்றேன், கூப்பிட்டதும் நான் எங்கயும் போனதில்ல. ஏன்? முக்கால்வாசிப் பிரச்சனை நாங்க போறதுக்குள்ள தானாவே ஆறிடும். ஆறாததுக்கு நாங்க போயும் பிரயோஜனம் இல்ல!"

கைதட்டல். அவருக்கு உற்சாகம் ஏறியது.

"அதே மாதிரி, சிரிச்ச முகமா ஐயா, அம்மான்னு பேசினா உஷாராயிடுங்க. அந்தச் செலவெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. டீ குடிச்சுட்டுக் காசு குடுத்தான்னா அவனை விடாதீங்க! எல்லாத்துக்கும் மேல, உங்க பொருளை வாங்கி உங்க கையிலயே திருப்பிக் குடுத்தான் பாருங்க, அவன் நூத்துக்கு நூறு போலி. எங்ககிட்ட வந்த பொருள் எதுவும் இதுவரைக்கும் எங்களை விட்டுப் போனதில்ல. சந்தேகம் இருந்தா ஸ்டேஷன் பின்னாடி வந்து பாருங்க. பறிமுதல் பண்ணின சைக்கிள்ல செடி முளைச்சுப் பூவே பூத்திருக்கு! அந்தப் பாதுகாப்பை வேற எவனாலயும் தர முடியாது."

கூட்டம் ஆரவாரித்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் கவனமாக மனதில் பதித்துக்கொண்டார்கள். ரொட்டிக்காரர் மோதிர விஷயத்தை ஞாபகப்படுத்தலாம் என்று எழுந்தபோது இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிவிட்டிருந்தார்.

மறுநாள் முதல் ஊர் மாறிப்போனது. பொதுமக்கள் இவ்வளவு சொன்னபேச்சு கேட்பார்கள் என்று காவல்துறை எதிர்பார்க்கவில்லை. டீக்கடையில் ஒரு போலீஸ்காரர் மறதியாகச் சட்டைப்பையில் கைவிட்டார். காசு எடுக்கிறார் என்று நினைத்து நாலு பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கடைக்காரரைக் கண்டபடி திட்டி, ஒரு வடிகட்டியையும் தட்டிவிட்ட பிறகுதான் "அசல்தாம்பா, விடு" என்று விட்டார்கள். ஒரு வீட்டில் திருடு என்று போன் வந்து, தவறுதலாக உடனே போய்ச் சேர்ந்த இரண்டு போலீஸ்காரர்களை அந்த வீட்டுக்காரர்கள் குடும்பமாகச் சேர்ந்து ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

எல்லாரையும்விடப் பாவம் அந்தப் பெண் காவலர். ஒரு கிழவரைக் கைபிடித்து ரோட்டைக் கடத்திவிட்டிருக்கிறார். "பார்த்துப் போங்கப்பா" என்று வேறு சொல்லியிருக்கிறார். ஜனங்கள் சும்மா விடுவார்களா? ஊர்வலமாக ஸ்டேஷனுக்கே இழுத்து வந்துவிட்டார்கள். ரொட்டிக்காரர் அப்போது, மோதிர விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சார், நான் இங்கதானே சார் வேலை பார்க்கறேன்! நேத்து உங்களுக்கு நான்தானே சார் மைக் புடிச்சேன்!" என்றார் பெண் காவலர்.

இன்ஸ்பெக்டர் தர்மசங்கடத்தில் நெளிந்தார். வெளியே நூறு பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் தான் சொன்னதைத் தானே மாற்றினால் இலாகாவின் மானம் என்ன ஆவது?

"உன்னை எனக்குத் தெரியும்மா. ஆனா தெரிஞ்சது பத்தாது, நிரூபிக்கணும். இந்தா, இந்த ரொட்டிக்காரரை நல்லா நாலு வார்த்தை திட்டு. ஜனங்க கேக்கறாங்க."

பெண் காவலர் ரொட்டிக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் எழுந்து, திட்டுவதற்கு வசதியாக நிமிர்ந்து நின்றார்.

"யோவ்..." என்றார் பெண் காவலர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "யோவ், எதுக்கு இங்க... சாப்பிட்டீங்களாய்யா? காலையிலேர்ந்து இங்கயே உக்காந்திருக்கீங்களே..."

ஜன்னலில் ஒரே கூச்சல். "போலி! போலி!" வேறு வழியில்லாமல் அவரை லாக்கப்பில் போட்டார்கள். உள்ளே இருந்த ஜேப்படிக்காரர் ஒருவர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். அதற்கு அவர் நன்றி சொன்னதும் சந்தேகம் உறுதியானது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரொட்டிக்காரர் மனைவி காலையிலேயே பெட்டியில் புடவைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். "சாயங்காலம் நான் ஊருக்குப் போறேன்னு அந்த மனுஷன்கிட்டச் சொல்லிடுங்க" என்று பால்காரரிடம் சொல்லி அனுப்பினாள். பால்காரர் திரும்பிச் சொன்னதைக் கேட்டு ரொட்டிக்காரர் அடுப்பு முன்னால் அழுதார். முதல் ஈடு ரொட்டி தீய்ந்துபோனது.

அதே காலையில் சந்தையில் நெட்டையரும் குட்டையரும் ஒரு காய்கறிக்காரம்மாளிடம் போனார்கள். பாவம், கூட்டத்துக்கு வராதவர்கள். "அம்மா, முன்னாடி தெருவுல வழிப்பறிங்கம்மா" என்று சொல்லி குட்டையர் சல்யூட் அடித்ததுதான் தாமதம். "ஐயையோ, மரியாதையாப் பேசறானுங்க! பிடிங்க!" என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் சந்தையே திரண்டது. இருவரும் பின்னங்கால் பிடரியில் பட ஓடினார்கள். தோள் பை மட்டும் ஜனங்கள் கையில் சிக்கியது. அதை ஸ்டேஷனில் கொண்டுவந்து கொட்டினார்கள்: சோப்பு, பாட்டில், நூல்கண்டு, கை நிறைய நட்டுகள், ஒரு மோதிரம்.

"என் மோதிரம்!" என்று, அடுப்பை அணைத்துவிட்டு அன்றும் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரர் பெஞ்சிலிருந்து பாய்ந்தார்.

இன்ஸ்பெக்டர் அதை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார். "உங்களுதுன்னு என்ன ஆதாரம்?"

"விரல்ல போட்டா கழலாதுங்க."

"வாயால சொன்னா ஆச்சா? இலாகா எதையும் சோதிச்சுத்தான் ஒத்துக்கும்."

சொல்லிவிட்டுத் தன் விரலில் போட்டுக்கொண்டார். கணு வரை வந்து நின்றது. இலாகாவின் கௌரவம் கருதி ஓர் அழுத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது. பிறகு கழட்டினார். கழலவில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இன்ஸ்பெக்டர் விழித்தார். ஏட்டைக் கூப்பிட்டார். ஏட்டு இழுத்தார். ஏட்டின் இடுப்பைப் பிடித்து இன்னொருவர் இழுத்தார். ஜீப் டிரைவர் கிரீஸ் கொண்டுவந்தார். விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்ததே தவிர மோதிரம் அசையவில்லை. வெளியே பந்தல் போட்டு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நிறைவு விழாவுக்குப் பெரிய அதிகாரி வரப்போகிறார், பத்திரிகைக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

மோதிரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாலாவது மனைவி நம்புவாள் என்று ரொட்டிக்காரர் ஆளனுப்பியிருந்தார். அவள் பெட்டியும் கையுமாக வந்தாள். இன்ஸ்பெக்டரின் விரலைப் பார்த்தாள்.

"ஓஹோ. இவருக்குத்தான் கழட்டிக் குடுத்தீங்களா?" என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து, விழாவுக்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரின் மனைவி உள்ளே நுழைந்தார். கணவன் கையைப் பின்னால் மறைத்ததை அவர் கண் விட்டுவிடவில்லை. இழுத்து முன்னால் கொண்டுவந்து வாசித்தார். "என்றும் உன் செல்லம்." நிதானமாக இன்னொரு தடவை வாசித்தார். "யாருங்க இந்தச் செல்லம்?"

"நான்தாங்க" என்றாள் ரொட்டிக்காரர் மனைவி.

ஏட்டு மெதுவாக நழுவிப் பேனரைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா! இது சாட்சிப் பொருள். சோதனைக்காகப் போட்டேன். போலிப் போலீஸ் ரெண்டு பேர் இவர்கிட்ட..." என்று இன்ஸ்பெக்டர் குழறினார்.

"போலிப் போலீஸா? திங்கக்கிழமையே ஒழிச்சாச்சுன்னு வீட்ல வந்து பாயசம் குடிச்சீங்களே?"

"அது வந்து... நான் சொல்றதை நம்பும்மா. போலீஸ்காரன் சொல்றேன்."

"போலீஸ்காரர் சொன்னா நம்பிடணுமா? சீருடையைப் பார்த்து ஏமாறாதேன்னு தெருவுக்குத் தெரு ஒட்டி வெச்சது யாரு? என் பொறந்த வீடு ஒண்ணும் தூரத்துல இல்ல."

பிறந்த வீடு என்ற சொல்லைக் கேட்டதும் ரொட்டிக்காரருக்கு இன்ஸ்பெக்டர் மேல் இரக்கம் பொங்கிவிட்டது. அந்தப் பாட்டை அவரும் நாலு நாளாகப் பட்டுக்கொண்டிருக்கிறாரே. மேஜையில் கிடந்த நூல்கண்டை எடுத்தார். இன்ஸ்பெக்டரை ஸ்டூலில் உட்கார வைத்தார். கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவினார். படியில் உட்கார்ந்து பார்த்தது அப்படியே கண்ணில் நின்றது: நெருக்கமாக நூல், முனையை அடியில் கொடுத்து, மெல்ல மெல்ல.

"வலிக்குதாங்கய்யா? வலிச்சாச் சொல்லுங்க, அவசரமே இல்ல."

மோதிரம் உருண்டு வந்து ரொட்டிக்காரர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதை மரியாதையாக இன்ஸ்பெக்டர் கையிலேயே கொடுத்தார்.

ரொட்டிக்காரர் மனைவி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படித்தான் கழட்டினாங்களா?" கேட்டது காற்றிடம் இல்லை, அவரிடம்.

"இப்படியேதான்."

"என்கிட்ட இதை அன்னிக்கே செஞ்சு காட்டியிருக்கலாம்ல? வாயைத் தொறந்தா கழண்டுச்சு, கழண்டுச்சுன்னு மட்டும் சொன்னா நான் என்னத்தை நினைக்கறது?" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பெட்டியைக் கீழே வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. விரலைத் தடவிக்கொண்டே ரொட்டிக்காரரை உற்றுப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் படர்ந்தது.

"ஏட்டு! கதவைச் சாத்து. இந்த நூல் வித்தை இவருக்கு எப்படித் தெரியும்? ஐயான்னு கூப்பிடறாரு. வலிக்குதான்னு கேக்கறாரு. நாலு நாளா கூப்பிடாமலே வந்து நிக்கறாரு. பொருளைத் திருப்பிக் கையில குடுக்கறாரு! ஜனங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்ன நானே கோட்டை விட்டுடப் பார்த்தேனே!"

ரொட்டிக்காரர் என்ன ஏது என்று உணர்வதற்குள் லாக்கப்பில் இருந்தார். பெண் காவலர் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார். தோள் பை, சோப்பு, நூல்கண்டு எல்லாவற்றையும் துணியில் கட்டி அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். மோதிரம் தட்டில் தனியாக வைக்கப்பட்டது. பெரிய அதிகாரி வந்து இறங்கினார். 'ஒழிப்பு வாரத்தின் மகத்தான வெற்றி' என்று இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார். காமிராக்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

அந்த இடைவெளியில் ரொட்டிக்காரர் மனைவி தட்டிலிருந்த மோதிரத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பிக்குப் போனாள்.

"கையை நீட்டுங்க" என்றாள்.

அவர் நீட்டினார். போட்டு, முழு பலத்தோடு உள்ளே தள்ளினாள். கல்யாணத்தன்று இவ்வளவு பலம் தேவைப்படவில்லை.

"ஏய்! அது சாட்சிப் பொருள்! கழட்டு!" என்று இன்ஸ்பெக்டர் பேச்சை விட்டு ஓடி வந்தார்.

"கழட்டிக்குங்க" என்றாள் அவள்.

இழுத்துப் பார்த்தார்கள். பெரிய அதிகாரியின் டிரைவரும் ஒரு கை கொடுத்தார். நூலை எடுக்கலாம் என்றால், அரக்கு முத்திரையை இனி நீதிமன்றம்தான் உடைக்க வேண்டும். நூல் இல்லாமல் பொறுமையாகக் கழட்டத் தெரிந்த ஆள் அந்த ஸ்டேஷனில் ஒருவரும் இல்லை. பொறுமை இருந்த ஒரே ஆளான பெண் காவலரும் லாக்கப்பில் இருந்தார், "நான் வேணா முயற்சி பண்ணட்டுமா சார்?" என்று கேட்ட அவரை வாயை மூடச் சொன்னார்கள்.

பெரிய அதிகாரி சட்டம் தெரிந்தவர். இன்ஸ்பெக்டரைத் தனியே அழைத்து விளக்கினார். "சாட்சிப் பொருள் நம்ம காவல்ல இருக்கணும். குற்றவாளி அதைத் தொடவே கூடாது. இப்ப இந்த ஆளை உள்ள வெச்சா, சாட்சிப் பொருளைக் குற்றவாளி கையில குடுத்து வெச்சவன் நீயாயிடுவ. வெளியில விட்டா, குற்றவாளியே இல்ல, அதனால சாட்சிப் பொருளும் இல்ல. வாரம் இன்னும் ஒரு மணி நேரத்துல முடியுது. எதைப் பண்ணப் போற?"

இன்ஸ்பெக்டர் சாவியை எடுத்தார். 'மோதிரத்தையும் ஆளையும் பிரிக்க இயலாத காரணத்தால் இருவரும் விடுவிக்கப்படுகின்றனர்' என்று ஏட்டிடம் சொல்லச் சொல்ல, ஏட்டு எழுதினார். கூட இருந்த பெண் காவலரையும், போலியென்று வைத்துக்கொண்டால் கணக்கு இடிக்கும் என்பதால், அசலாக்கி வெளியே விட்டார்கள்.

ரொட்டிக்காரர் கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார். மனைவி வரவில்லை. மேஜைக்கு முன்னால் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் என்னம்மா?"

"பிரிக்க முடியாதுன்னு இப்ப எழுதினீங்களே, அதுல எனக்கு ஒண்ணு சீல் வெச்சுக் குடுங்க. கண்ணாடி போட்டுக் கடையில மாட்டணும்."

இன்ஸ்பெக்டர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுங்களேன். அப்படியே நமக்கும் ஒண்ணு" என்றார். அந்த ஸ்டேஷனில் கேட்டவுடன் சீல் வைத்துக் கொடுத்த முதல் காகிதம் அதுதான் என்று ஏட்டு பிற்பாடு சொன்னார்.